அப்பா இறந்துவிட்டால் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா மகன் குடும்பம் இருக்கிறது. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் நான்கு மாதத்துக்கு முன் பைக் விபத்தில் இறந்துவிட்டார். மதினி பீடி சுற்றுகிறார். மூன்று பிள்ளைகள்: எட்டாம் வகுப்பில் பெண், ஐந்தாவதில் பையன், கடைக்குட்டிக்கு மூன்று வயது. தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்து, பெரிய பிள்ளைகள் இரண்டையும் வெளி மாவட்டத்தில் ஒரு இல்லத்தில் சேர்த்துக்கொள்கிறோம், சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம் படிப்பு எல்லாம் இலவசம் என்கிறார். மதினி அரைமனதாக இருக்கிறார். அனுப்பலாமா? அரசு உதவி ஏதாவது உண்டா? நான் சென்னையில் வேலை பார்க்கிறேன்.

பதில்:

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டாம். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம். உங்கள் மதினிக்குப் பிள்ளைகளை வளர்க்கத் தெரியாமல் இல்லை, மனமில்லாமலும் இல்லை. மாதாமாதம் கையில் கொஞ்சம் பணம் இல்லை, அந்தப் பணத்தை வாங்கித் தரும் காகிதங்கள் இல்லை. அவ்வளவுதான். நான் முன்பு குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தவன். பிள்ளையை இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று அழுதுகொண்டே எங்கள் முன் வந்து நின்ற தாய்மார் பலர், வேறு உதவி இருக்கிறது என்று சொன்னதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை ஒரு நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, குடும்பத்துக்கு முடியாதபோது அதைத் தாங்கிப்பிடிப்பது அரசின் வேலை என்பது அதன் போக்கு. தாய் உயிரோடு இருக்கும் பிள்ளையை யாரோ ஒருவர் வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. இல்லத்தில் வைக்க வேண்டுமென்றால் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட வேண்டும். அந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள், அதற்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் உண்டு. உத்தரவுக்கு முன்னால் வீட்டுக்கு ஆள் போய், குடும்ப நிலையைப் பார்த்து, அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த விசாரணையின் நோக்கமே பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று தேடுவதுதான்.

வந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்று எங்கே? திருநெல்வேலி குழந்தைகள் நலக் குழுவிடம் எப்போது ஆஜர்படுத்தப் போகிறீர்கள்? ஒழுங்கான இல்லமாக இருந்தால் இரண்டுக்கும் உடனே பதில் வரும். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்மா, நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க” என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டதைப் பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு 2017 மே மாதம் தீர்ப்பானது. வழக்கின் பெயரிலேயே நம் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

உங்கள் மதினிக்கு அந்த ஆள் பேச்சு ஏன் நம்பத்தகுந்ததாகத் தெரிகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. நம் ஜில்லாவில் போர்டிங்கில் தங்கிப் படித்து மேலே வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். பாளையங்கோட்டையில் 1890களிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் பள்ளி இருந்தது. களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி 1901 முதல் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றினார். அதனால் ‘இல்லம்’ என்று சொன்னால் இங்கே யாருக்கும் பயம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. அந்த மரியாதையின் நிழலில்தான் ஊர் பேர் தெரியாதவர்களும் உள்ளே வருகிறார்கள். போர்டிங் வேறு, குழந்தைகள் இல்லம் வேறு. பள்ளி விடுதியில் சேர்க்கக் குழுவின் உத்தரவெல்லாம் வேண்டாம், பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வரும், தாய்தான் பாதுகாவலர். உண்மையிலேயே வெளியே தங்கிப் படிக்க வேண்டிய நிலை வந்தால் அரசு மாணவர் விடுதிகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. 2025இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம்.

இன்னொன்று. ‘இங்கிலீஷ் மீடியம் இலவசம்’ என்பது உங்கள் அண்ணன் மகளுக்கு லாபம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020 முதல். அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். எட்டாம் வகுப்பில் தூக்கித் தனியார் பள்ளியில் போட்டால் இந்தச் சங்கிலி நடுவில் அறுந்துபோகும். அந்த ஆள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, பணத்துக்கு வருவோம்.

முதலில் கேட்க வேண்டியது மிஷன் வாத்சல்யா என்ற மத்திய, மாநில அரசுகளின் கூட்டுத் திட்டத்தில் வரும் ஸ்பான்சர்ஷிப் தொகை. தமிழில் நிதி ஆதரவு என்று எழுதுவார்கள், அலுவலகத்தில் ஸ்பான்சர்ஷிப் என்றால்தான் சட்டென்று புரியும். ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த தாய், கணவர் கைவிட்ட தாய், பெற்றோர் இருவரையும் இழந்து தாத்தா ஆச்சியிடமோ மாமா சித்தியிடமோ வளரும் பிள்ளை, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் கிடக்கும் வீடு, இவர்களுக்கெல்லாம் பொருந்தும். கிராமம் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் வாங்குவார்கள், அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தரும். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும், விடுதியில் சேர்த்தால் தொகை நின்றுவிடும். இதையும் மனதில் வைத்துத்தான் மேலே சொன்ன விடுதி யோசனையை எடுக்க வேண்டும்.

இதில் சிக்குவது வருமானச் சான்று. அண்ணன் இருக்கும்போது வாங்கிய பழைய சான்றில் அவர் கூலியும் சேர்ந்திருக்கும். அதைக் கொண்டு போனால் வரம்பைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். இறப்புச் சான்றை வைத்து, ரேஷன் கார்டில் பெயரை நீக்கி, மதினி பெயரில் புதிதாக வருமானச் சான்று எடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போகும். கூடவே வாரிசுச் சான்றும், கணவரை இழந்த ஆதரவற்றவர் என்ற சான்றும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பின்னது சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகம் வரை போகும் காகிதம், கொஞ்சம் நாளாகும். ஆனால் பின்னால் வேலை, பயிற்சி என்று எதற்குப் போனாலும் கேட்பார்கள்.

தொகை அனுமதியான பிறகும் மாதம் பிறந்ததும் கணக்கில் விழும் என்று நம்பி வட்டிக்கு வாங்கிவிடக் கூடாது. சில மாதத்துக்கு வராமல் இருந்து மொத்தமாக வரும். மூன்று பிள்ளைக்கும் கேளுங்கள். எத்தனைக்குக் கிடைக்கும் என்பது குழு முடிவு. ஆனால் கேட்காத பிள்ளைக்கு நிச்சயம் கிடைக்காது.

மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 2025 செப்டம்பர் 15இல் தொடங்கியது, பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய். அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து, மற்றவர் கைவிட்டுப் போயோ, சிறையிலோ, மாற்றுத்திறனாளியாகவோ, கடும் நோயாளியாகவோ இருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. உங்கள் மதினி நல்ல உடம்போடு இருக்கிறார், இருக்கட்டும். அதனால் இது உங்களுக்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இதில் இல்லை என்றதும் எதிலும் இல்லை என்று வீட்டுக்குத் திரும்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாய்க்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் தனியாக இருக்கிறது, மாதம் 1,200 ரூபாய். இதுவும் தாசில்தார் அலுவலக விவகாரம்தான்.

அடுத்து விபத்து. இதில்தான் நீங்கள் அவசரப்பட வேண்டும். வேறு வண்டி மோதி இறந்திருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்தது. நான்கு மாதம் போய்விட்டது, இந்த மாதமே வக்கீலைப் பாருங்கள். மோதிய வண்டி தெரியவில்லை என்றால் அரசு நிதியிலிருந்து இறப்புக்கு 2 லட்சம் கிடைக்கும். தானே விழுந்து இறந்திருந்தால் எதுவும் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே சிலர் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்சும் இருந்து, இன்சூரன்ஸில் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பும் கட்டியிருந்தால் அது 15 லட்சம். பாலிசிக் காகிதத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். தீர்ப்பாயத்தில் பணம் வந்தால் பிள்ளைகளின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் போட்டுவைக்கச் சொல்வார்கள். நல்லதுதான். சொந்தக்காரர் கண்ணிலிருந்து அது தப்பிக்கும்.

அண்ணன் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து மரண உதவியும் அங்கே உண்டு. அட்டையைப் புதுப்பித்திருக்கிறாரா பாருங்கள். பள்ளிக்கூடத்திலும் ஒன்று இருக்கிறது, பல ஆசிரியர்களுக்கே நினைவில் இருக்காது. வருமானம் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளி அல்லது உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத் தொகை. தலைமையாசிரியர் மூலம் அனுப்ப வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல் கேட்பார்கள்.

பீடிக்கு வருகிறேன். மதினி பீடிக் கடையில் தன் பெயரில் பாஸ்புக் வைத்துச் சுற்றுகிறாரா, இல்லை பக்கத்து வீட்டுக்காரர் பாஸில் சுற்றிக் கொடுக்கிறாரா? முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் எங்கே பார்த்தாலும் இந்த இரண்டாவது வகை நிறைய. கூலி எப்படியோ வந்துவிடும், ஆனால் பி.எஃப்., அடையாள அட்டை எல்லாம் பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. சொந்தப் பெயரில் இல்லையென்றால் கடையில் கேட்டுப் பெயர் ஏற்றுவதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்ய வேண்டும். அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறையின் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு 25,000 வரை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும்.

அவர் பெயரிலேயே பி.எஃப். இருந்தால் வாரிசுதாரர் இடத்தில் இன்னும் அண்ணன் பெயர்தான் இருக்கும். உடனே பிள்ளைகள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: தாய்க்கும் ஏதாவது ஆகிவிட்டால் பி.எஃப். பென்ஷனில் அனாதைப் பிள்ளைக்கென்று ஒரு பங்கு இருக்கிறது, விதவைக்கு வரக்கூடியதில் 75 சதவீதம், 25 வயது வரை. பெயர் சரியாக இல்லாததால் அதை வாங்க முடியாமல் அலைந்த ஆச்சிமார் உண்டு.

பெரியவளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா இல்லாத வீட்டில் முதலில் படிப்பு நிற்பது மூத்த பெண்ணுக்குத்தான். யாரும் நிறுத்து என்று சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் சுளவை எடுத்துக்கொண்டு அம்மாவோடு உட்காருவாள், பீடி நுனியை மடக்கிக் கொடுப்பாள், பிறகு இலை வெட்டுவாள். கடையில் எண்ணிக்கை கொடுக்க வேண்டிய நாளில் பள்ளிக்கு லீவு. பத்தாவதில் மார்க் குறையும், அப்புறம் மாப்பிள்ளை பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்டுக் கல்யாணம் பேசிய ஊர்தானே இது. பதினெட்டுக்கு முன் கல்யாணம் என்று பேச்சு எழுந்தால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் சொல்லலாம், 1098க்கும் சொல்லலாம். 1098 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. சொன்னவர் பெயர் வெளியே வராது. ஆனால் உங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள எளிய வழி, மாதம் பிறந்தால் ஒரு முறை நீங்களே அவளுக்கு போன் போட்டு இந்த மாதம் எத்தனை நாள் லீவு என்று கேட்பது.

கடைக்குட்டிக்குப் பால்வாடி போதும். சத்துமாவு, முட்டை, மதியச் சாப்பாடு கிடைக்கும், அந்த நேரம் மதினிக்குக் கையும் ஓயும். பையனுக்குக் காலை உணவு பள்ளியிலேயே கிடைத்துக்கொண்டிருக்கும். ‘சின்னதை எங்களுக்குத் தத்துக் கொடுங்கள்’ என்று பிள்ளையில்லாத யாராவது வந்தால், அதிலும் பணம் தருகிறேன் என்றால், கதவைச் சாத்துங்கள். பணம் வாங்கிப் பிள்ளையைக் கொடுப்பது குழந்தை விற்பனை, ஐந்தாண்டு வரை கடுங்காவல்.

நம் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். சேரன்மகாதேவி அருகே ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று காமராஜர் கேட்டாராம். போனால் நீ சோறு போடுவியா என்றானாம் அவன். செவிவழிக் கதை, எவ்வளவு உண்மையோ. ஆனால் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தது அப்போதைய நெல்லை ஜில்லாவைச் சேர்ந்த எட்டயபுரத்தில் என்பது வரலாறு. பசித்த பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் அடைத்து வைத்துச் சோறு போடலாம் என்று அன்றைக்கும் யாராவது யோசித்திருக்கலாம். அவர்கள் சோற்றைப் பிள்ளை இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், பிள்ளை சாயங்காலம் அம்மாவிடம் போனது. ஸ்பான்சர்ஷிப் தொகைக்குப் பின்னால் இருப்பதும் அதே யோசனைதான். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவில் பாதியைத் தாயிடம் கொடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். நம் அரசுகள் இதைச் சட்டத்தில் எழுதிவிட்டு, பணத்தில் இன்னும் கை இழுத்துத்தான் வைத்திருக்கின்றன. அந்தப் பணம் இருப்பதே ஊரில் தெரிவதில்லை. கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று, பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில், எல்லா ஊரிலும் இருக்க வேண்டும். பல ஊரில் அது கூட்டப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அது உயிரோடு இருந்திருந்தால் வெளி மாவட்டத்து ஆளுக்கு முன் அவர்கள் உங்கள் மதினி வீட்டுப் படியேறியிருப்பார்கள்.

இல்லமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிக்கிற வீடு, குடித்துவிட்டுத் தொந்தரவு செய்யும் உறவு, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூட இல்லாத பிள்ளை, இவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீடு அந்தக் கணக்கில் வராது.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு வண்டி ஏறி வாருங்கள். சனி, ஞாயிறில் இறப்புச் சான்று, ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம், முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துவைத்து, எழுத்துப் பிழை, இனிஷியல் வித்தியாசம் இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், பீடிப் பாஸில் ஒரு பெயர் என்றால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். திங்கட்கிழமை மதினியோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் போங்கள், அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். ஸ்பான்சர்ஷிப் கேட்டு ஒரு மனு, ஓய்வூதியம் கேட்டு ஒரு மனு, தனித்தனியாக. ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினால் அது எந்தத் துறைக்குப் போகிறது என்றே தெரியாமல் சுற்றும். மனு எண் போட்ட ரசீதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் அலுவலரைப் பார்த்து, இப்படி ஒருவர் வந்து பிள்ளைகளைக் கேட்டார் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் கதவு சாத்தினால் அவர் அடுத்த தெருவுக்குத்தான் போவார்.